ஒன்பதாவது ஆள்

கணக்கு வராதவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு கணக்கு டீச்சர் வெளியே சொல்லிக்கொள்ளக் கூடிய குணம் இல்லைதான். ஆனால் உண்மை அதுதான். கச்சிராயபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறிலிருந்து எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. இவ்வளவு தமிழைப் பெயரில் வைத்துக்கொண்டு கணக்கு எடுக்கிறாயே என்று எங்கள் ஹெட்மாஸ்டர் வருஷத்துக்கு இரண்டு தடவை சொல்லிச் சிரிப்பார். நான் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

இப்படிப்பட்டவளிடம் வந்து மாட்டிக்கொண்டவள்தான் கொளஞ்சியம்மாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது, என்னைவிட எட்டு வயது மூத்தவள். கரும்பு வெட்டும் கூட்டத்தில் வேலை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதினாள். தமிழ், இங்கிலீஷ், அறிவியல், சமூக அறிவியல் நான்கிலும் முதல் தடவையே தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் இருபத்து நான்கு. முப்பத்தைந்து வாங்கினால்தான் பாஸ். மறுபடி எழுதப் பணம் கட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், கூட்டல் கழித்தல் எல்லாம் வருது. கதையா எழுதிக் கேட்டாத்தான் ஒண்ணும் புரிய மாட்டேங்குது. அந்தக் கதையைக் கணக்கா மாத்தத் தெரியல. அதை மட்டும் சொல்லிக் குடுங்க."

எதற்கு இந்த வயதில் எட்டாம் வகுப்பு என்று கேட்டேன். கேட்ட விதம் அவ்வளவு நன்றாக இருந்திருக்காது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் சொன்னாள்.

கரும்பு வெட்டு ஜோடி வேலை. ஒருவர் அடியில் வெட்டிச் சாய்ப்பார்; இன்னொருவர் காய்ந்த இலையான சோகையை உரித்து, நுனியில் இருக்கும் கொழுந்தாடையை நறுக்கி, கட்டாகக் கட்டுவார். கட்டைத் தலையில் ஏற்றிவிடவும் ஒரு ஆள் வேண்டும். அதனால் மேஸ்திரி யாரும் ஆளைக் கணக்குப் பண்ண மாட்டார்கள், ஜோடியைத்தான் கணக்குப் பண்ணுவார்கள். ஜோடிக்கு இத்தனை பார், அதாவது இத்தனை கரும்பு வரிசை, என்று வயலைப் பிரித்துக் கொடுப்பார்கள். கொளஞ்சியின் ஜோடி அவள் புருஷன் ராசு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் கோமுகி வாய்க்கால் ஓரம் கவிழ்ந்தபோது மேலே உட்கார்ந்திருந்தவன் அவன். அன்றோடு அவள் ஒற்றை ஆள். ஒற்றை ஆளுக்குப் பார் கிடையாது. தண்ணீர் தூக்கலாம், சிந்திய கரும்பைப் பொறுக்கலாம், யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்த இடத்தில் ஒரு நாள் நிற்கலாம். பெண்டாட்டி செத்த ஒருவன் கூட்டத்தில் இருந்தான். அவனோடு சேர்ந்து வெட்டினால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

"மேஸ்திரி அய்யப்பன் சொல்றாரு, உன் பொண்ணு ஷாலினிதான் வளந்துட்டாளே, அவளை ஜோடியா கூட்டிக்கினு வான்னு. அவ ஒம்பதாவது படிக்கிறா டீச்சர். கிளாஸ்ல ரெண்டாவது ரேங்க்கு."

கரியாலூர் பக்கத்தில் மலைப் பிள்ளைகளுக்காக ஒரு அறக்கட்டளை பெண்கள் விடுதி நடத்துகிறது. அங்கே காப்பாளருக்கு உதவியாக ஒரு பெண் வேண்டும் என்றார்களாம். தங்குவதற்கு ஒரு அறை உண்டு, மகளையும் கூட வைத்துக்கொள்ளலாம், கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும் கட்டாயம். செயலாளர் வெங்கடேசன் நல்ல மனிதர். பரீட்சை முடிவு வரும் வரைக்கும் இடத்தை நிறுத்தி வைக்கிறேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

"பாஸ் பண்ணா மலைக்கு மேல போறோம். இல்லன்னா அவ கையில கத்தி குடுக்கணும். அவ்ளோதான் டீச்சர்."

வாரத்தில் மூன்று சாயங்காலமும் ஞாயிறு மத்தியானமும் வரச் சொன்னேன். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டுத் தரையில்தான் பாடம். வீட்டுக்குள் கூப்பிட என் அம்மா விடவில்லை. டீ கொடுத்தாலும் பேப்பர் கப்பில்தான் கொடுப்பாள். அதைப் பற்றி அம்மாவோடு சண்டை போட்டிருக்க வேண்டும். பிள்ளைகளிடம் காட்டுகிற வீரம் எனக்கு அம்மாவிடம் வராது.

முதல் மாதம் நரகம். 'ஒரு கூடையில் 60 மாம்பழங்கள் இருந்தன. அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு அழுகிவிட்டது எனில், நல்ல பழங்கள் எத்தனை?' அறுபதில் பன்னிரண்டு போனால் நாற்பத்தெட்டு. கொளஞ்சி ஐம்பத்து நான்கு என்று எழுதியிருந்தாள்.

"எப்படிக்கா?"

"அழுகினதுல பாதியை அரிஞ்சு எடுத்துட்டா மிச்சம் தின்னலாம் டீச்சர். யாரு அப்படியே தூக்கிப் போடுவாங்க?"

'ஓர் எண்ணின் மும்மடங்கிலிருந்து 5ஐக் கழிக்க' என்றால் ஒழுங்காக 3x − 5 என்று எழுதுவாள். அதையே '5ஐ ஓர் எண்ணின் மும்மடங்கிலிருந்து கழிக்க' என்று மாற்றிக் கேட்டால் 5 − 3x. எழுதியிருக்கிற வரிசையில்தானே எழுதினேன் என்பாள். எதிலிருந்து எதை எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்று பத்துத் தடவை சொன்னேன். பதினோராவது தடவையும் அதையே எழுதினாள். நான் நோட்டைப் பிடுங்கி வீசினேன். அது போய் மாட்டுத் தொட்டியில் விழுந்தது.

கொளஞ்சி எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தாள். புடவைத் தலைப்பால் ஒவ்வொரு தாளாக ஒற்றினாள். ஒற்றி முடித்து, ஈரம் இல்லாத ஒரு பக்கத்தைத் திருப்பி, "சொல்லுங்க டீச்சர், எழுதுறேன்" என்றாள். அன்று எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் வேறு விதமாக ஆரம்பித்தேன். "அக்கா, புத்தகத்துல இருக்கிற ஆளுங்களை எல்லாம் மறந்துடுங்க. எந்தக் கணக்கா இருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்ச வேலையா நெனச்சுக்குங்க. கரும்பு வெட்டப் போறீங்க, நீங்கதான் மேஸ்திரி. இப்ப படிங்க."

'8 ஆட்கள் ஒரு வேலையை 6 நாட்களில் முடிப்பர் எனில், 12 ஆட்கள் அதே வேலையை எத்தனை நாட்களில் முடிப்பர்?'

கேள்வியைப் படித்து மூச்சு விடுவதற்குள் "நாலு நாளு" என்றாள். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். '10 ஆட்கள் 12 நாட்கள், 20 ஆட்கள்?' ஆறு. '6 ஆட்கள் 20 நாட்கள், 8 ஆட்கள்?' பதினைந்து. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அதன் பிறகு மாம்பழமும் வந்தது, மும்மடங்கும் வந்தது. கழித்தலைக்கூட 'மேஸ்திரி யாருகிட்டயிருந்து எடுக்கிறாரு' என்று கேட்டுக்கொண்டு சரியாகப் போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நோட்டைத் திருத்தும்போது ஒன்றைப் பார்த்தேன். எட்டு ஆள், ஆறு நாள் கணக்கில் அவள் 8 × 6 என்று எழுதவில்லை. 4 × 6 = 24, 24 ÷ 6 = 4 என்று எழுதியிருந்தாள்.

"எட்டு எங்கக்கா போச்சு?"

"எட்டு ஆளுன்னா நாலு ஜோடி. பன்னெண்டு ஆளுன்னா ஆறு ஜோடி. சரியாத்தான வருது?"

சரியாகத்தான் வந்தது. இரண்டு பக்கமும் இரண்டால் வகுபட்டுப் போகிறது, கெட்டுப்போவது ஒன்றும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இதை இப்போது திருத்தப் போனால் மறுபடி குழம்பிவிடுவாள், விடை சரியாக இருக்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிவப்பு மையில் டிக் போட்டேன். அந்த டிக்கை நான்தான் போட்டேன். நான் கொடுத்த கணக்குகளில் எல்லாம் எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது. வேண்டுமென்று அப்படிக் கொடுக்கவில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது.

ஜனவரி மாதம் கள்ளக்குறிச்சியில் பரீட்சை. நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். ஷாலினியும் பள்ளிச் சீருடையோடு வந்திருந்தாள். ஒல்லியான பெண், அதிகம் பேச மாட்டாள். மத்தியான வெயிலில் கொளஞ்சி கூட்டத்துக்குள் எங்களைத் தேடிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடி வந்தாள்.

"டீச்சர், கரும்புக் கணக்கே வந்துச்சு. அஞ்சு மார்க்குல வந்துச்சு."

"எத்தனை ஆளு?"

"பன்னெண்டு ஆளு பதினஞ்சு நாளு. ஒம்பது ஆளு எத்தினி நாளு?"

ஒன்பது ஜோடியாகப் பிரியாது. "நீங்க இன்னா போட்டீங்க?"

"ஆறு ஜோடி, பதினஞ்சு நாளு, தொண்ணூறு. ஒம்பது ஆளுன்னா நாலு ஜோடிதான? ஒரு ஆளு தண்ணி தூக்குவான். தொண்ணூறை நாலால வகுத்தா இருபத்திரண்டரை வந்துச்சு. அரைநாளுக்குன்னு யாரு வருவாங்க, இருபத்துமூணு நாளுன்னு போட்டேன். கஷ்டமான கணக்குதான் டீச்சர். பக்கத்துல ஒரு பையன் பேந்தப் பேந்த முழிச்சுக்கினு இருந்தான்."

விடை இருபது. பன்னிரண்டைப் பதினைந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் போதும். எங்கள் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவன்கூடப் போட்டுவிடுவான்.

"சரியா டீச்சர்?"

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே திரும்பியது. ஷாலினி கேள்வித்தாளை வாங்கி, அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நான்காக மடித்து அம்மாவிடமே கொடுத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்கக்கா" என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே மோசமான பொய் அது.

முடிவு வர ஏழு வாரம் ஆயிற்று. அவள் மற்ற கேள்விகளுக்குச் சொன்ன விடைகளை வைத்துக்கொண்டு நான் மார்க் கூட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் தாராளமாகப் போட்டால் முப்பத்தாறு வரும். மறுநாள் கறாராகப் போட்டால் முப்பத்தொன்று. இரண்டு விடையில் பாதி மார்க் கொடுத்தாலே போதும், யாரோ ஒரு நல்ல மனுஷன் கையில் அந்தத் தாள் போக வேண்டும் என்று கண்ட சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். பிள்ளைகள் பரீட்சைத் தாளில் வழி சரியாக எழுதாமல் விட்டால் ஒரு மார்க் கூடப் போட மாட்டேன் என்று பெருமை பேசுகிறவள் நான்.

கொளஞ்சி அதற்குள் மனசால் மலைக்குக் குடிபோய்விட்டாள். ஒரு சனிக்கிழமை ஷாலினியோடு என்னையும் இழுத்துக்கொண்டு கரியாலூர் பஸ்ஸில் ஏறினாள். விடுதியின் பின்பக்கத்தில் அந்த அறை இருந்தது. பச்சை பெயிண்ட், ஒரே ஒரு ஜன்னல், கரியடுப்பில் யாரோ சமைத்திருந்த மூலை. கொளஞ்சி வாளியும் துடைப்பமும் கேட்டு வாங்கி, கரி படிந்த சுவரைத் தேய்த்துக் கழுவினாள். வேலையே இன்னும் கிடைக்கவில்லை, ஏன் இப்படி என்று கேட்க வாய் வரவில்லை.

"பொஸ்தகம் வைக்க இங்க ஒரு பலகை அடிச்சுக்கலாம் ஷாலு. ஜன்னலுக்கு நல்லதா ஒரு ஸ்கிரீன் போட்டுக்கலாம்."

ஷாலினி ஜன்னலைச் சாணால் அளந்து, "நாலு சாண் அகலம், அஞ்சு சாண் உசரம்மா" என்றாள். அம்மா சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு, தரையில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். என்னால் அந்த ஈரத் தரையில் கால் வைக்க முடியவில்லை.

முடிவு வந்த அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம். பள்ளிக்கூட வேப்ப மரத்தடியில் கொளஞ்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் செல்போனில் அவள் பரீட்சை எண்ணைப் போட்டேன். சிக்னல் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வந்தது. முப்பத்திரண்டு.

"எவ்ளோ கம்மி டீச்சர்?"

"மூணு."

கொளஞ்சி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "மூணு மார்க்கு. ஒரு கணக்கா?"

"ஆமாக்கா. ஒரு கணக்கு." அப்புறம் சொன்னேன். ஒன்பது ஆள் கணக்கைச் சொன்னேன். எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதையும், நோட்டில் பார்த்தும் திருத்தாமல் டிக் போட்டதையும் சொன்னேன். திட்டுவாள், திட்டட்டும் என்று நின்றேன்.

அவள் திட்டவில்லை. "அப்ப அந்த ஒம்பதாவது ஆளு இன்னா பண்ணுவான் டீச்சர்?" என்று கேட்டாள்.

"அவனும் வேலை செய்வான்."

"யாரோட?"

"தனியாத்தான்."

"தனி ஆளுக்கு யாரு பார் குடுக்குறது? கட்டை யாரு தூக்கி வுடுறது? ரெண்டு வருசமா நான் பாத்துக்கினு இருக்கேன் டீச்சர். தனி ஆளு வேலை செய்வான்னு யாரு எழுதினது அந்தப் பொஸ்தகத்துல?"

பி.எஸ்சி., பி.எட். படித்துவிட்டு அந்தப் பொஸ்தகத்தை வருஷா வருஷம் நடத்துகிறவள் நான்.

அதற்குப் பிறகு செய்யாதது ஒன்றும் இல்லை. மறுகூட்டலுக்கு எழுதிப் போட்டோம்; மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது. கரியாலூருக்குப் போய் வெங்கடேசன் காலில் விழாத குறையாகக் கேட்டேன். இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள், அடுத்த தடவை நிச்சயம் பாஸ் பண்ணிவிடுவாள், தப்பு என்னுடையது என்றேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "டீச்சர், எனக்குப் புரியுதுங்க. ஆனா எட்டாவது பாஸ் பண்ண பொண்ணு ஒண்ணு வந்து சர்டிபிகேட்டோட நிக்குது. நான் இன்னா சொல்லி திருப்பி அனுப்பறது?" என்றார். அந்தப் பச்சை அறையில் அதற்குள் ஒரு டிரங்குப் பெட்டி வந்து இருந்தது.

மார்ச் கடைசியில் அய்யப்பன் கூட்டம் மணலூர்பேட்டைப் பக்கம் போவதாகத் தகவல் வந்தது. பெண்ணையாற்றங்கரையில் கடைசி வெட்டு, வெய்யில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், இரண்டு மாதம் அங்கேயே தங்கல். ஷாலினிக்கு அடுத்த வாரம் முழு ஆண்டுப் பரீட்சை. நான் கொளஞ்சியின் வீட்டுக்கே போனேன். முதல் தடவையாகப் போனேன். பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டி வைத்திருந்தாள்.

"அக்கா, ஷாலினியை எங்க வூட்டுல விட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்."

"நீங்க வச்சுக்குவீங்க. உங்க அம்மா வச்சுக்குவாங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. "அப்படியே வச்சுக்கினாலும் எனக்கு ஜோடி யாரு? நான் வேலைக்குப் போவலன்னா அவளுக்குச் சோறு யாரு போடுறது?"

"பதினாலு வயசுப் பொண்ணை வேலைக்குக் கூட்டிக்கினு போறது குத்தம்க்கா. நான் ஒரு போன் போட்டா ஆளு வருவாங்க."

"போடுங்க டீச்சர். வந்து அவளைக் கொண்டு போயி ஏதோ ஒரு ஹோம்ல வுடுவாங்க. அவர் போயிட்டாரு. அவளும் போவட்டும். நான் தண்ணி தூக்கிக்கினு கெடக்கேன்."

நான் போன் போடவில்லை. போட்டிருக்க வேண்டும் என்று பகலில் தோன்றும், போடாதது நல்லது என்று சாயங்காலம் தோன்றும். இன்றுவரை அப்படித்தான்.

அவர்கள் கிளம்பிய காலையில் மினி லாரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஷாலினி அவள் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைத் தாவணிமேல் போட்டுக்கொண்டு, சோகை கிழிக்காமல் இருக்கக் கைப்பக்கம் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பட்டன் இல்லை. நான் என் புடவையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டேன்.

"பரீட்சை போனாப் போகட்டும் ஷாலினி. ஜூன்ல நான் வந்து பேசறேன் உங்க ஸ்கூல்ல." நானே நம்பாத குரலில் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். அப்புறம் அம்மா தூரத்தில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "இருபது நாளு மிஸ். நான் அன்னிக்கே மனசுல போட்டுட்டேன், பஸ் ஸ்டாண்டுலயே."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"அம்மா அவ்ளோ சந்தோசமா இருந்து நான் பாத்ததே இல்ல மிஸ்."

ஏழு வாரம் அந்தப் பெண் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் மலைக்கு வந்து அந்தத் தரையைக் கழுவினாள், ஜன்னலை அளந்தாள்.

கொளஞ்சி வந்து இரண்டு கத்திகளையும் சாக்கில் சுற்றி லாரிக்குள் வைத்தாள். என் கையைப் பிடித்து, "நோட்டு வூட்டுலயே இருக்கு டீச்சர். அடுத்த வருசம் எழுதலாம்" என்றாள். அவளுக்காகச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

மேஸ்திரி அய்யப்பன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, ஏறுகிறவர்களை விரல் நீட்டி எண்ணினான். ஒவ்வொரு ஜோடியும் கையைப் பிடித்து ஏறியது. கடைசியில் கொளஞ்சி ஏறி, குனிந்து கை கொடுத்தாள். ஷாலினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"அஞ்சு ஜோடி" என்றான் அய்யப்பன். "சரியா இருக்கு. வண்டியை எடுப்பா."

பத்துப் பேர், ஐந்து ஜோடி. மீதி யாரும் இல்லை.